விரியும் பரப்பும் விரியாப் பரப்பும்

நன்னிலம் முதலிய காவிரிப் பாசன நாட்டூர்களில் நெடுங்காலம் வழங்கிய பண்டங்கள் சிலவற்றை வரிசையாக நிறுத்திப் பார்ப்போமாயின், கணித நூலின் ஓர் அதிகாரமே கண்முன் நிற்கும். நெல்லளக்கும் மரக்கால் உருளை. எண்ணெய்ப் புனல் கூம்பு. கூண்டு வண்டியின் மேற்கூடு, மூங்கிற் பாயை வளைத்தமைத்த அரையுருளை. இவற்றின் பரப்பை நீட்டாமலும் சுருக்காமலும் தட்டையாக விரித்துவிடலாம். குயவர் வனைந்த பானையை அவ்வாறு விரித்தல் எவர்க்கும் இயலாது.

முன்னவற்றை விரிபரப்பு என்போம். 1827-இல் காவுஸ் என்னும் ஜெர்மானியக் கணிதர், ஒரு பரப்பை எங்ஙனம் வளைப்பினும் மாறாத வளைவளவு ஒன்று உண்டென நிறுவினார். தட்டைத் தகட்டுக்கு அது பூச்சியம். ஆகலின் அதனை வளைத்துப் பெறும் உருளைக்கும் கூம்புக்கும் பூச்சியமே. பானைக்கு அங்ஙனமன்று.

நேர்க்கோடுகளால் ஆயதெல்லாம் விரியும் என்று கருதுவாரும் உளர். ஈர்க்குக் கட்டொன்றின் இருமுனைகளையும் பற்றி முறுக்குக. இடை சிறுத்துத் தோன்றும். ஒவ்வோர் ஈர்க்கும் நேரே நிற்பினும், அப்பரப்பு விரியாது. கோட்டின் நெடுகிலும் ஒரே தளம் தொட்டு நின்றாலன்றி விரிதல் இல்லை.

அண்ணா பல்கலைக் கழகத்துப் பொறியியல் வரைபடப் பாடத்தில் பரப்பு விரித்தல் இடம் பெற்றுள்ளது. வாயின் ஆரம் 15 செ.மீ., சாய்வுயரம் 25 செ.மீ. உள்ள கூம்பை விரித்தால் 216 பாகையுள்ள வட்டத்துண்டு கிடைக்கும் என்று மாணவர் எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். அத்துண்டைத் தாளில் வெட்டிச் சுருட்டிப் பார்ப்பவர் எத்துணையர்?

கணிப்பொறி இருக்கக் கத்தரி எதற்கு என்பீர். அது திரையில் எவ்வளைவையும் நொடியில் வரைந்து காட்டும், உண்மையே. ஆனால் விரியாப் பரப்பைத் தகட்டால் போர்த்த வேண்டின், ஒவ்வொரு தகட்டையும் அச்சிலிட்டு அழுத்தல் வேண்டும். அன்றேல் சிறு சிறு துண்டுகளாக்கி ஒட்டல் வேண்டும். அச்செலவு கட்டுவிப்போன் தலையில் விழும். 2003-இல் திறக்கப்பெற்ற லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து டிஸ்னி இசையரங்கின் எஃகுப் போர்வை காற்றில் அலையும் பாய்போலத் தோன்றும். அதனை அமைத்த பிராங்க் கேரியோ, தாளை வளைத்து மாதிரி செய்து பார்க்கும் வழக்கமுடையவராயிருந்தார். கணிப்பொறி அதன்பின் வந்தது.

நம் கல்லூரியிலும் இப்பாடத்திற்கு வரைபடத்தோடு வெட்டி மடித்த உருவையும் கேட்டு வாங்குதல் வேண்டும் என்பது என் கருத்து. 216 பாகை என்று சரியாக எழுதியவனும், இணைப்புக்கு மடித்துவிட வேண்டிய ஓரத்தை மறந்துவிடுவான். தகர வேலை செய்வோர் அதனை மறப்பதில்லை. கடைத்தெருவிலிருந்து அவருள் ஒருவரை உரிய கூலி தந்து ஒரு நாள் ஆய்வுக்கூடத்திற்கு அழைத்தால், அவர் குறிமுள்ளும் கத்தரியும் கொண்டு வருவார். தகட்டை நாம் வாங்கி வைத்தாற் போதும்.