ஹோம்புஷ் மடல் – 17: கண்ணை மூடாத மச்சான்!

போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல அம்மா கேட்ட முதல் கேள்வி: "கண்ணுக்குக் கீழ என்னடா நீலமா இருக்கு?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்மா."

"எந்தக் கதவுடா கண்ணுக்குக் கீழ மட்டும் இடிக்கும்?"

ராயபுரத்துல பொறந்து வளர்ந்தவங்ககிட்ட இந்த டகால்டி எல்லாம் எடுபடாதுங்க. சிக்னல் சரியில்லன்னு சொல்லி கட் பண்ணிட்டேன்.

அதுக்கு முந்தின நாள் ஸ்டேஷன் பக்கத்துல சாமான் வாங்கப் போனா, கடைக்கார யாழ்ப்பாணத்து அண்ணை பதறிட்டார். "ஆர் தம்பி அடிச்சது? பொலிசிலை சொன்னனீங்களோ?" 2009-ல மெல்போர்ன்ல இந்திய மாணவர்கள் தாக்கப்பட்டதும், இங்க ஹாரிஸ் பார்க்ல பசங்க ரோட்டுல இறங்கினதும் அவருக்கு இன்னும் மறக்கல. அம்மாவும் அந்த நியூஸை எல்லாம் பார்த்தவங்கதான். அதான் பொய் சொன்னேன்.

உங்ககிட்ட உண்மையைச் சொல்லிடறேன். நாலு மாசமா பாக்ஸிங் கத்துக்கறேன்!

இதுல பில்டப்புக்குக் குறைச்சலே இல்ல. தாத்தா, வடசென்னைச் சுவத்துல 'ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை'ன்னு போஸ்டர் ஒட்டின காலத்து ஆள். 1980-ல முகமது அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட காட்சிச் சண்டை போட்டப்ப, அப்பா கூட்டத்துல நசுங்கிக்கிட்டே பார்த்தாராம். 2021-ல 'சார்பட்டா பரம்பரை' வந்ததும் நான் 'எங்க ஏரியா, எங்க ரத்தம்'னு சீன் போட்டவன்தான். அந்த தைரியத்துலதான் இங்க வந்து ஜிம்ல பேர் கொடுத்தேன்.

முதல் மூணு மாசம் மூட்டையைக் குத்தினேன். செம சத்தம். நாமளும் ஒரு ஆள்தான்னு தோணுச்சு. மூட்டை திருப்பிக் குத்தாதுங்கறது மட்டும் மறந்துபோச்சு.

அப்புறம் வந்தது ஸ்பேரிங். அதாவது எதிர்ல ஒரு ஆளை நிறுத்தி பயிற்சிச் சண்டை. 16 அவுன்ஸ் க்ளவுஸ், தலைக்கவசம், பல்லுக்கு கார்டு எல்லாம் மாட்டியாச்சு. எதிர்ல நின்னவன் என்னைவிட ஒல்லி. அவன் தோள் அசைஞ்சுதோ இல்லியோ, என் கண்ணு மூடிக்கிச்சு, தாடை மேல போச்சு, அப்படியே திரும்பி முதுகைக் காட்டிட்டேன். குத்துச்சண்டையில இதைவிட ஆபத்தான போஸ் கிடையாது. ஒரு நிமிஷத்துலயே கோச் நிறுத்திட்டார்.

வேடிக்கை பார்க்க வந்த என் ரூம்மேட் (யாழ்ப்பாணத்துப் பையன்) சொன்னது: "மச்சான், அடி விழ முன்னமே நீ கண்ணை மூடிட்டாய். அவன் அடிக்கவே தேவையில்லை."

கோச் சிரிக்கல. தனியா கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார். "உன்னை முன்னாடி யாரு அடிச்சது?"

பக்குன்னு இருந்துச்சு. ஏழாங்கிளாஸ். கணக்கு வாத்தியார். மர ஸ்கேல். கையை நீட்டணும். இழுத்துக்கிட்டா ரெட்டிப்பு அடி. தடுக்கக் கூடாது, நகரக் கூடாது, எதுவும் கேக்கக் கூடாது. கண்ணை மூடிக்கறது ஒண்ணுதான் செய்ய முடிஞ்ச காரியம். ஒரு வருஷம் பூரா அதைத்தான் பழகியிருக்கேன். கணக்கு வரல, கண்ணை மூடறது மட்டும் நல்லா வந்துடுச்சு.

அடுத்த ஒரு மாசம் எனக்கு வேற பாடம். முதல் வாரம் கோச் எதிர்ல நின்னு க்ளவுஸால என் நெத்தியைச் சும்மா தொடுவார். நூறு தடவை. நான் கண்ணைத் திறந்து வச்சு அவர் நெஞ்சைப் பார்க்கணும், அவ்வளவுதான். (க்ளவுஸைப் பார்த்தா ஏமாந்துடுவோம். நெஞ்சையும் தோளையும் பார்த்தா குத்து கிளம்பறது தெரியும்.) ரெண்டாம் வாரம் தோள்லயும் வயித்துலயும் மட்டும் லேசா குத்து. மூணாம் வாரம் அவர் ஜாப் மட்டும் விடுவார், நான் வலது உள்ளங்கையால பிடிக்க மட்டும் செய்யணும். நாலாம் வாரம்தான் ரெண்டு பேரும் குத்தறது, அதுவும் கால்வாசி வேகத்துல. நடுநடுவுல "மூச்சை விடு, மூச்சை விடு"ன்னு கத்துவார். பயத்துல மூச்சைப் பிடிச்சுக்கிட்டா ஒரே நிமிஷத்துல நாக்கு தள்ளிடும்.

குத்தைப் பிடிக்கறதுன்னா கேவலம் இல்லியான்னு கேட்டேன். ஜாக் ஜான்சன் கதையைச் சொன்னார். இதே சிட்னியில, ரஷ்கட்டர்ஸ் பேல, 1908 டிசம்பர் 26 அன்னிக்கு டாமி பர்ன்ஸை ஜெயிச்சு, உலக ஹெவிவெயிட் பட்டம் வாங்கின முதல் கறுப்பர் ஆனார் ஜான்சன். 14-வது ரவுண்டுல போலீஸ் புகுந்து சண்டையை நிறுத்துச்சு. அவரோட பெரிய பலமே தற்காப்புதான். வர்ற குத்தைக் கையால பிடிச்சு, தட்டிவிட்டு, எதிராளிகிட்ட பேச்சு வேற கொடுப்பாராம்!

போன வெள்ளிக்கிழமை மறுபடியும் அதே ஒல்லிப் பையன். ரெண்டாவது ரவுண்டுல ஒரு குத்து நேரா கண்ணுக்குக் கீழ. ஆச்சரியம் என்னன்னா, அது வர்றதைப் பார்த்தேன். முழுசா பார்த்தேன். வலிச்சுது, ஆனா நான் பத்து வருஷத்துக்கு மேல பயந்த அளவுக்கு இல்ல. அடுத்ததைப் பிடிச்சேன். அதுக்கு அடுத்தது என்னுது, அவன் நெத்தியில!

பெல் அடிச்சதும் அவன் ஓடி வந்து "சாரி மேட், ஆர் யூ ஓகே?"ன்னான். அடிச்சவங்க யாரும் அதுவரைக்கும் என்னை அப்படிக் கேட்டதில்லை. பதில் சொல்ல கொஞ்ச நேரம் ஆச்சு.

பயம் போயிடுச்சான்னு கேட்டா, இல்லைங்க. இன்னிக்கும் க்ளவுஸ் மாட்டறப்ப வயித்தைக் கலக்குது. ஆனா இங்க கையை நீட்டிக்கிட்டு நிக்க வேண்டியதில்லை. தடுக்கலாம், நகரலாம், போதும்னு சொல்லலாம். இது தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் கண்ணு தானா திறந்துச்சு.

இதைப் படிச்சுட்டு யாராவது கிளம்பினீங்கன்னா ஒரு விஷயம். அடி வாங்கறது வீரம் இல்ல. தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை அதிர்வைத் தடுக்காது. தலை சுத்தினாலோ, வாந்தி வந்தாலோ, ரவுண்டு எண்ணிக்கை மறந்தாலோ உடனே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. முதல் நாளே புதுப் பையனை முழு வேகத்துல குத்த விடற ஜிம்மா இருந்தா, பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுங்க.

நேத்து ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன். வாத்தியார் கதையையும் சேர்த்து. அது அவங்களுக்கு இத்தனை வருஷமா தெரியாது. ரொம்ப நேரம் பேச்சே இல்ல.

அப்புறம் கேட்டாங்க, "அந்த ஒல்லிப் பையனைத் திருப்பி அடிச்சியா?"

"ஒண்ணு விட்டேன்மா."

"சரி. சாப்ட்டியா?"

அசைன்மென்ட் காத்துக்கிட்டு இருக்கு மக்களே. அடுத்த வாரம் பார்ப்போம்.