பேச்சுச் சிகிச்சையும் தாய்மொழியும்

பேச்சுக் குறையுள்ளோர் நம் தேசத்தில் சுமார் 20 லக்ஷம் பேர் என்று 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்குக் கூறுகிறது. இவர்களுக்குச் சிகிச்சை செய்வோரைப் பயிற்றுவதற்காக 1965-இல் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் ஸ்தாபனம் ஏற்பட்டது. நான்கு வருஷப் பட்டப் படிப்பும், அதன்மேல் இரண்டு வருஷ முதுநிலைப் படிப்பும் இன்று நடைபெறுகின்றன. ஏற்பாடு நன்றே.

ஆனால் போதனை ஆங்கிலத்தில். பக்கவாதத்தால் சொல்லிழந்த தமிழ்க் குடியானவன் தேடுவது ஆங்கிலச் சொல்லையா? ழகரம் வராத குழந்தையைத் திருத்த வருபவர், அவ்வொலிக்கு நா வளையும் விதத்தை அறியாவிடில் என் செய்வார்? ஆங்கிலக் குழந்தைகளுக்கென வகுத்த பரீக்ஷையால் நம் குழந்தையை அளப்பது, செருப்புக்காகக் காலைத் தறிப்பதாகும்.

ஆங்கிலத்தை நாம் வெறுக்கவில்லை. அதைக் கற்றே நாமும் பிழைக்கிறோம். மேல்நாட்டுச் சாஸ்திரமும் வேண்டியதே. ஆயினும், முதுநிலைப் பட்டம் பெறும் ஒவ்வொருவரும் தாம் தொண்டாற்றப்போகும் பிரதேசத்து மொழியின் ஒலியையும் இலக்கணத்தையும் கற்று, அம்மொழியிலேயே சிகிச்சை செய்து காட்டித் தேறவேண்டுமென்பதைப் பாடத்திட்டம் வகுப்போர் கண்டிப்பான விதியாக்க வேண்டும்.

இவ்வைத்தியத்திற்குச் சொல்லே மருந்து. அம்மருந்து நோயாளியின் சொந்தச் சொல்லாய் இருத்தல் வேண்டாமா?