பிடிக்காத புத்தகம் ஒண்ணு

கோடை விடுமுறைக்கு நூலகத்துல என்ன எடுக்கலாம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பட்டியல் தரப் போறதில்ல. பிடிச்சதை நீங்களே எடுத்துப்பீங்க. நான் கேட்கிறது இதுதான்: நாலு புத்தகம் எடுத்தா, அதுல ஒண்ணு உங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காதுன்னு தோணுற புத்தகமா இருக்கட்டும்.

போரடிக்கிற புத்தகத்தைச் சொல்லல. தலைப்பைப் பார்த்ததுமே "இதெல்லாம் ஒரு புத்தகமா"ன்னு முகம் சுளிக்கிறோமே, அதைச் சொல்றேன்.

கடையில இதைச் செய்ய மனசு வராது. 300 ரூபா கொடுத்து யாராவது கோபத்தை வாங்குவாங்களா? நூலகத்துல அந்தக் கவலை இல்லை. சொத்து வரியோட நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலிக்கிறாங்க. வாடகை வீட்டுல இருந்தாலும் வீட்டுக்காரர் அதை உங்க வாடகையிலதான் எடுத்திருப்பார். அலமாரியில இருக்கிற, நீங்க திட்டுற புத்தகமும் உங்க காசுதான்.

நான் எடுக்கிறது மருந்தே வேண்டாம்னு சொல்ற புத்தகங்கள். சிரிக்காதீங்க. உங்க ஊர் கிளை நூலகத்துல மருத்துவ அலமாரியைப் போய்ப் பாருங்க. சர்க்கரை நோய்னு ஒண்ணே கிடையாது, மாத்திரை போட்டாதான் கிட்னி போகும், தடுப்பூசி வியாபாரம்... இப்படி வரிசையா இருக்கும். அட்டை கிழிஞ்சு, தேதிச் சீட்டுல முத்திரை குத்த இடமில்லாம இருக்கும். அத்தனை பேர் எடுத்திருக்காங்க.

ஓபியில எனக்கு எதிர்ல உட்கார்றவங்கள்ல சிலர் அதைப் படிச்சிட்டுத்தான் வர்றாங்க. "மாத்திரையை நிறுத்திட்டேன் டாக்டர்"னு சொல்வாங்க. ஏன்னு கேட்டா தலையைக் குனிஞ்சுப்பாங்க.

அந்தப் புத்தகங்கள்ல இருக்கிற மருத்துவம் தப்பு. அதுல எனக்கு இம்மியும் சந்தேகமில்ல. முதல் வகை சர்க்கரை நோய் இருக்கிற குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினா, கீட்டோஅசிடோசிஸ் வந்து சில நாள்லயே உயிர் போயிடலாம். ஆனா அந்த எழுத்து எப்படி ஆரம்பிக்குதுன்னு கவனிச்சேன். நீங்க பயந்து போயிருக்கீங்க, உங்க உடம்பைப் பத்தி உங்ககிட்டயே யாரும் விளக்கமாப் பேசலைன்னு ஆரம்பிக்குது. நல்ல தமிழ்ல, நிதானமா, பக்கம் பக்கமாப் பேசுது. ஓபியில ஒருத்தருக்குக் கிடைக்கிறது சில நிமிஷம். கையில கொடுக்கிற சீட்டு இங்கிலீஷ்ல இருக்கும். அவங்க எதை நம்பி அங்க போறாங்கன்னு அந்தப் புத்தகத்தைத் திறக்காம எனக்கு எப்படித் தெரியும்?

இப்பல்லாம் "மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா"ன்னு முதல்ல கேட்கிறதில்ல. "ஆயுசு முழுக்கப் போடணுமேன்னு பயமா இருக்கா"ன்னு கேட்கிறேன். பல பேர் அங்கதான் மனசுவிட்டுப் பேசறாங்க. மருந்து பத்தின என் கருத்துல ஒரு எழுத்தும் மாறல. (நீங்களும் எதை வேணா படிங்க, ஆனா மாத்திரையை நிறுத்துறதுக்கு முன்னால உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.)

மருத்துவம் வேண்டாம்னா வேற ஒண்ணு சொல்றேன். 1936ல லாகூர்ல பேசறதுக்காக அம்பேத்கர் எழுதின உரை 'சாதி ஒழிப்பு'. கூப்பிட்ட அமைப்பே உரையைப் பார்த்துட்டுக் கூட்டத்தை ரத்து பண்ணிடுச்சு. அவர் அதைத் தானே புத்தகமாப் போட்டார். காந்தி ஹரிஜன் இதழ்ல மறுப்பு எழுதினார். அடுத்த பதிப்புல அம்பேத்கர் என்ன செஞ்சார் தெரியுமா? காந்தியோட மறுப்பையும் பின்னிணைப்பாச் சேர்த்து, அதுக்குத் தன் பதிலையும் அச்சிட்டார். காந்தி பக்கமும் ஒரு அழகு இருக்கு. அந்த மறுப்பிலேயே, பழமைவாதிகளும் இதைப் படிச்சாப் பயன் உண்டுன்னு சொல்லி, எட்டணா விலை அதிகம், குறைக்கணும்னு கேட்டிருந்தார். காந்தியைப் பிடிக்காதவங்க, அம்பேத்கரைப் பிடிக்காதவங்க, ரெண்டு பேரும் தைரியமா எடுக்கலாம். எட்டணாகூட வேண்டாம், உறுப்பினர் அட்டை போதும்.

எவ்வளவு தூரம் பொறுத்துக்கணும்? நான்சி பெர்ல்னு ஒரு அமெரிக்க நூலகர் கணக்கு சொல்லியிருக்காங்க. 50 பக்கம் படிங்க, ஒத்து வரலைன்னா மூடிடுங்க. வயசு 50க்கு மேலன்னா, 100ல இருந்து வயசைக் கழிச்சு மிச்சம் வர்ற பக்கம் போதும். 60 வயசுக்காரருக்கு 40 பக்கம். நியாயமான கணக்கு. ஆனா ஸ்கிரீன்ஷாட் போட்டுத் திட்டுறதுக்காகவே படிக்கிறதை நான் கணக்குல சேர்க்க மாட்டேன். ஓரத்துல பேனாவால பதில் எழுதவும் கூடாது, அது அடுத்தவர் கைக்குப் போகிற புத்தகம்.

பசங்களை இதுல இழுக்காதீங்க. லீவுல அவங்க காமிக்ஸ் எடுத்தாலும் பேய்க்கதை எடுத்தாலும் விட்டுடுங்க. பொது அறிவுப் புத்தகத்தைக் கையில திணிச்சு நூலகத்தையே வெறுக்க வைக்காதீங்க.

இந்த மே மாசம் என் பையில மூணு நாவல் இருக்கு. நாலாவது, வீட்டுப் பிரசவம்தான் நல்லதுன்னு சொல்ற புத்தகம். முப்பதாம் பக்கத்துல இருக்கேன், எனக்கே பிபி ஏறுது. இன்னும் இருபது பக்கம் பாக்கி.