கடலோரக் குப்பைக்கும் ஒரு கணக்கு

செப்டம்பர் பிறந்தால் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நிறுவனப் பெயர் பொறித்த டீ-சட்டைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். கையுறை, சாக்குப்பை, குழுப்படம். நல்ல மனத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் அந்தக் கடற்கரையைச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் துப்புரவு ஊழியர்கள் அன்றாடம் கூட்டிவிடுகிறார்கள். கேட்பாரற்றுக் குப்பை கிடப்பது கிராஞ்சி, லிம் சூ காங் போன்ற சதுப்புநிலக் காடுகளில். ஜோகூர் நீரிணை தள்ளிவிடும் ஸ்டைரோஃபோமும் பிளாஸ்டிக் புட்டிகளும் அங்கே மூச்சுவேர்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கின்றன.

1992 முதல் சிங்கப்பூரில் நடந்துவரும் அனைத்துலகக் கடலோரத் துப்புரவு இயக்கம் இதை எப்போதோ புரிந்துகொண்டது. பல்கலைக்கழக விரிவுரையாளர் ந. சிவசோதி நெடுங்காலம் ஒருங்கிணைத்த இந்த இயக்கத்தில், வட்டாரத்துக்கு ஒரு தலைவர், அவருக்குக் கீழே ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தலைவர் என்று பொறுப்பு இறங்குகிறது. இடத்தலைவர் முன்கூட்டியே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கடல் எப்போது வற்றும், சேறு எவ்வளவு ஆழம், எத்தனை பேரைத் தாங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நூறு பேர் வருகிறோம் என்றால் சதுப்புநிலத்தில் வேண்டாம் என்று சொல்லும் துணிவும் வேண்டும். மிதிபடும் நாற்றுகள் குப்பையைவிடப் பெரிய சேதம்.

பொறுக்கியதை அப்படியே கொட்டிவிட்டுப் போக முடியாது. உறிஞ்சுகுழல் எத்தனை, சிகரெட் துண்டு எத்தனை, மீன்வலை எத்தனை என்று அட்டையில் கோடு போட்டு எண்ண வேண்டும். வெயிலில் இது சலிப்பூட்டும் வேலை. ஆனாலும் உலகெங்கும் திரளும் கணக்கோடு சேர்வது இந்தக் கோடுகள்தான்.

இந்நாட்டில் இயற்கைக்காகப் பேசியவர்கள் வென்ற இடங்களிலெல்லாம் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருந்திருக்கிறது. 1986இல் பறவை பார்ப்பவர்கள் சுங்கை பூலோவின் அருமையைக் கண்டு, பறவைப் பட்டியலோடு அரசிடம் போனார்கள். 1993இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் இயற்கை வனப்பகுதியானது. அந்தத் தலைமுறையில் நம்மவரான சுபராஜ் ராஜதுரையும் இருந்தார். 2019இல் மறையும்வரை எத்தனையோ பேரைக் காட்டுக்குள் அழைத்துப் போனவர். புலாவ் உபின் தீவின் செக் ஜாவாவில் நிலமீட்புத் திட்டம் 2001 இறுதியில் ஒத்திவைக்கப்பட்டதற்கும், அங்குள்ள உயிரினங்களைத் தொண்டூழியர்கள் பதிவு செய்து காட்டியது முக்கியக் காரணம்.

கணக்கு மட்டும் போதுமா என்றால், போதாது. இன்னோர் இயற்கை வனப்பகுதி வழியே திட்டமிடப்பட்ட குறுக்குத் தீவு ரயில் பாதை விவகாரத்தில் இயற்கைச் சங்கம் 2013இலேயே அறிக்கை வெளியிட்டது. பல ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு, வனப்பகுதிக்குள் போடவிருந்த 72 ஆய்வுத் துளைகள் 16ஆகக் குறைந்தன. பாதை விலகவில்லை, 2019இல் அறிவித்தபடி, வனத்துக்கு அடியில் சுமார் 70 மீட்டர் ஆழத்தில்தான் போகப்போகிறது. தோல்வி என்று சிலர் சொன்னார்கள். என் கணிப்பில் அது பாதி வெற்றி. அந்தப் பாதியும் மூடிய அறைக்குள் அதிகாரிகளோடு அலுக்காமல் உட்கார்ந்து பேசியவர்களால் கிடைத்தது. மனுவில் கையெழுத்திட்டுவிட்டு மறந்துபோகும் ஆதரவாளரை அடுத்த கட்டத்துக்கு அழைத்துவரும் ஏணிதான் இன்னும் சரியாக அமையவில்லை.

அந்த ஏணியின் கீழ்ப்படி பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. இயற்கை உலாக்களில் தமிழ் விளக்கம் கேட்பது அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் திரளும் வெளிநாட்டு ஊழியர்களை அழைக்கலாமே என்று நண்பர்கள் சொல்வதுண்டு. கடலோர மாவட்டங்களிலிருந்து வந்து, கடலின் ஏற்ற இறக்கம் அறிந்தவர்கள் அவர்களில் உண்டு என்பது உண்மை. ஆனால் வாரமெல்லாம் உடம்பு நோக உழைப்பவரை, கிடைக்கும் ஒருநாள் விடுப்பிலும் குப்பை பொறுக்கக் கூப்பிடுவது எனக்கு ஒப்பவில்லை. தாமாக வந்தால் சேற்றில் வழிகாட்டுபவராக வரட்டும்.

நான் கேட்பது இங்கே வேரூன்றிய நம்மிடம். தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலையில் தண்ணீர்ப் பந்தல் போட்டு, முறைவைத்து ஆள் நிறுத்தத் தெரிந்த சமூகம் இது. சமூக மன்றங்களின் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்களில் ஒன்று, கிராஞ்சியில் ஒரு துண்டுக் கரையைப் பொறுப்பேற்கட்டும். செப்டம்பருக்குக் காத்திராமல், இரண்டு இளையரை இப்போதே இடத்தலைவர் பயிற்சிக்கு அனுப்பட்டும். எண்ணும் அட்டையைத் தமிழில் தயாரித்துக் கொடுக்க நான் தயார்.

(கட்டுரையாளர் சிங்கப்பூரில் கடலோரச் சூழலியல் துறையில் பணியாற்றுபவர்)