சைலன்சருக்கு நாற்பதாயிரம், பிரேக் ஆயிலுக்கு மூக்கால் அழுகை

பெங்களூர்வாழ் தமிழ் அப்பா அம்மாக்களுக்கு ஒரு கேள்வி. பையன் ஐ.டி.யில் சேர்ந்து ஆறு மாசத்துல மூணு லட்ச ரூபாய் பைக் கேக்கறான். டவுன் பேமென்ட் நீங்க கட்டறீங்க. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, போட்டோவும் எடுக்கறீங்க. அதே பையன் ட்ராக் டே போறேன்னா மட்டும் வீட்ல ஒப்பாரி. ஏங்க? ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னாடி பத்துப் பேரோட நந்தி மலைக்குப் பறக்கறானே, அதுக்குப் பேர் என்ன, தீர்த்த யாத்திரையா?

ட்ராக் டேன்னா ரேஸ் இல்ல. கோப்பையும் கிடையாது. காலையில பைக்கையும் உடுப்பையும் சோதனை போட்டு, வேகத்துக்குத் தகுந்தபடி குழுவாப் பிரிச்சு, கொஞ்ச நேரம் ஓட விட்டு, ஓரங்கட்டச் சொல்லுவாங்க. எதிர்ல லாரி வராது, மாடு வராது, சடக்குனு திரும்பற ஆட்டோ வராது. இதுக்கு வெளிநாடு போக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் 1990-லேர்ந்து இருக்கு, 3.7 கி.மீ. கோவை செட்டிப்பாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கி.மீ., சின்ன பைக்குக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி.

ஆபத்தே இல்லன்னு புளுக மாட்டேன். 2023 ஆகஸ்ட்ல இதே இருங்காட்டுக்கோட்டையில, தேசிய சாம்பியன்ஷிப் ரேஸ்ல, நம்ம பெங்களூர்ப் பையன், 13 வயசு, விழுந்து இறந்து போனான். அது போட்டி, இது வேறன்னு சொல்லி நழுவ விரும்பல. ஆனா அடுத்த பக்கத்தையும் புரட்டுங்க. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி 2022-ல நம்ம சாலைகள்ல செத்தவங்க 1,68,491 பேர். அதுல டூவீலர்ல போனவங்க 44.5 சதவீதம். மொத்தச் சாவுல 71 சதவீதம் அதிவேகத்தால. வேகமா ஓட்டற ஆசை பையனுக்கு வந்தாச்சு. அதை எங்க தீர்த்துக்கறாங்கறது மட்டும்தான் நம்ம கையில இருக்கு.

இப்ப தம்பிங்க பக்கம் வர்றேன். ஈ.எம்.ஐ. ஓடற பைக்கை ட்ராக்குக்கு எடுத்துட்டுப் போகாதே ராசா. இருபது வருஷமா லோன் ஃபைல் புரட்டறவன் சொல்றேன். இன்சூரன்ஸ் பாலிசியில வண்டியை எதுக்கெல்லாம் பயன்படுத்தலாம்னு ஒரு பத்தி இருக்கும். பந்தயம், வேகச் சோதனைக்கெல்லாம் கவர் கிடையாதுன்னு அதுல தெளிவாப் போட்டிருக்கும். ட்ராக் டே பந்தயமே இல்லன்னு க்ளெய்ம் ஆபீசர்கிட்ட வாதாடிக்கலாம்னு நம்பி இறங்காதே. ஃப்ரேம் வளைஞ்சு பைக் காயலான் கடைக்குப் போனாலும் தவணை மாசாமாசம் வந்து நிக்கும்.

பி.காம்.ல தேய்மானம்னு ஒரு பாடம் உண்டு. முழுசாத் தேய்ச்சுக் கணக்கெழுதி முடிச்ச சொத்துதான் ட்ராக்குக்கு லாயக்கு. பத்து வருஷப் பழைய பல்சர் 150, இல்லேன்னா ஓசூர்ல பொறந்த அப்பாச்சி ஆர்.டி.ஆர். 160. கைக்காசுல வாங்கணும், விழுந்தா சிரிச்சுக்கிட்டே எழுந்திரிக்கற விலையில இருக்கணும்.

வாங்கின மறுநாள் நம்ம ஆள் என்ன பண்ணுவான்? சைலன்சர்! இந்தச் சின்ன இன்ஜின்ல சைலன்சரை மட்டும் மாத்தினா கூடுற சக்தி ஓட்டறவனுக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குத்தான் தெரியும். அதோட ரோட்ல போனா, 2019 சட்டத் திருத்தப்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் உள்ளேயும் வைக்கலாம்.

காசு போக வேண்டிய இடம் பிரேக். 120-லேர்ந்து 60-க்கு வேகம் பாதியாகறப்ப, வண்டியோட இயக்க ஆற்றல்ல முக்கால் பங்கு காணாமப் போகணும். பெரும்பங்கும் சூடா மாறி பேடு, டிஸ்க், பிரேக் ஆயில் மேலதான் இறங்குது. சுத்துக்குச் சுத்து. டாட் 4 ஆயில் புதுசா இருக்கறப்ப குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. அது காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சற ஜாதி. ஈரம் ஏறிட்டா 155 டிகிரி வரைக்கும்தான் உத்தரவாதம். கொதிச்சா குமிழி, குமிழி வந்தா லீவர் ஹேண்டில் பார் வரைக்கும் வரும், வண்டி நிக்காது. புது ஆயில் சில நூறு ரூபாய். நாற்பதாயிரம் சைலன்சர் மாட்டினவன் இதுக்கு "அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்"கறான்! அடுத்து பேடு, நல்ல பிடிமானமுள்ள ரெண்டு டயர், சங்கிலி. அவ்வளவுதான்.

மீதியெல்லாம் ஸ்பேனரும் டேப்பும். கண்ணாடி, நம்பர் பிளேட், சேலை கார்டு, சைடு ஸ்டாண்டு எல்லாம் கழட்டு. ஹெட்லைட், இண்டிகேட்டர் மேல டேப் ஒட்டு, உடைஞ்சா ட்ராக்குல சிதறாது. இன்ஜின் ஆயில் போல்ட்டுல துளை போட்டு கம்பியால முறுக்கிக் கட்டு. ஒரு சொட்டு ஆயில் ஒழுகினா விழப் போறது பின்னாடி வர்றவன்.

உடுப்புல கஞ்சத்தனமே கூடாது. லெதர் சூட், கையுறை, பூட்ஸ், முழு முக ஹெல்மெட் எல்லாம் சேர்த்து பைக் விலையைத் தாண்டும். தாண்டட்டுமே. தேயற சொத்துல இருந்து தேயாத சொத்துக்குப் பணம் மாத்தறோம். (எனக்கு 46 ஆகுது. ஒவ்வொரு தடவையும் தங்கமணி முறைச்சுக்கிட்டேதான் புளியோதரை கட்டித் தர்றாங்க. :-))

அப்புறம், கண்ணாடியும் பிளேட்டும் கழட்டின வண்டியை ரோட்ல ஓட்டிட்டுப் போக முடியாது. நாலு பேர் சேர்ந்து ஒரு குட்டி யானை பிடிச்சு ஏத்திட்டுப் போங்க. அப்பாக்களும் வண்டியில ஏறிக்குங்க, ஸ்பேனர் எடுத்துக் குடுக்க ஆள் வேணும்.

டிஸ்கி: மெடிக்கல் பாலிசி வேற கதை. தொழில்முறை வீரரா சாகச விளையாட்டுல கலந்துக்கிட்டு அடிபட்டா சிகிச்சைச் செலவு கிடையாதுங்கறது பொதுவான விலக்கு. பொழுதுபோக்குக்கு ஓட்டறவங்களுக்கு என்னன்னு உங்க கம்பெனிகிட்ட எழுத்துல கேட்டு வாங்கிக்குங்க. வாயால சொன்னது எங்க பேங்க்லயே செல்லாது.