எட்டு மணி வாழ்த்து

காலை எட்டு மணிக்கு நான் பிறந்தநாள் வாழ்த்து வாசிப்பது நேயர்களுக்குத் தெரியும். சென்ற மார்ச்சில் ஒரு நாள், கிள்ளானிலிருந்து ஒரு தாத்தா தம் பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு அனுப்பிய குரல்பதிவை ஒலிக்கவிட்டேன். பாதியிலேயே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவசரமாக ஒரு பாட்டைப் போட்டுவிட்டு மைக்கை மூடினேன். தொழில்நுட்பக் கோளாறு என்று சமாளித்தேன். கோளாறு ஒன்றும் இல்லை. கணக்குப்படி அந்த வாரம்தான் என் முதல் குழந்தைக்கும் ஒரு வயது ஆகியிருக்க வேண்டும்.

எட்டு வாரம், பத்து வாரம், ஏழு வாரம். மூன்று முறை கருவுற்று, மூன்றும் கலைந்தன. இரண்டாவது முறை கிளினிக்கில் கொடுத்த பிங்க் புத்தகம் இன்னும் அலமாரியில், சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. தூக்கி எறிய மனம் வரவில்லை.

பப்பாளி சாப்பிட்டியா? மோட்டார்ல போனியா? "ரெண்டு மாசம்தானே, அதெல்லாம் கணக்கே இல்ல" என்று ஆறுதல் சொன்னவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நானே என்னை அவர்களைவிட மோசமாக விசாரித்தேன். பத்துமலையின் 272 படிகளை ஏறினேனே, அதனாலா? விடியற்காலை நிகழ்ச்சிக்காக நாலு மணிக்கே எழுந்ததாலா?

மூன்றாவது முறை பார்த்த டாக்டர்தான் பொறுமையாகச் சொன்னார். உறுதியான கர்ப்பங்களிலேயே 100க்கு 10 முதல் 20 வரை கலைந்துவிடுகின்றன. அடுத்தடுத்து மூன்று முறை நேர்வது ஏறக்குறைய 100 தம்பதிகளில் ஒருவருக்கு. தொடக்க வாரங்களில் கலைவதில் சுமார் பாதி, கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் ஏற்படும் பிழையால். படி ஏறுவதும் பப்பாளி தின்பதும் அந்த எண்ணிக்கையை மாற்றாது. இதை முதல் முறையே யாராவது சொல்லியிருந்தால் எத்தனை இரவுகள் தூங்கியிருப்பேன்!

மூன்று முறை ஆகட்டும், பிறகு சோதிப்போம் என்பது சில நாட்டு மருத்துவ வழிகாட்டிகளின் கணக்கு. அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டிகள் இரண்டு போதும் என்கின்றன. அதனால் இரண்டாவது முறையிலேயே கூச்சப்படாமல் கேளுங்கள். எனக்குத் தைராய்டு பார்த்தார்கள், கருப்பையின் வடிவத்தை ஸ்கேன் செய்தார்கள். இரத்தம் எளிதில் உறையச் செய்யும் ஆன்டிபாஸ்போலிபிட் கோளாறு இருக்கிறதா என்றும் சோதித்தார்கள். அது இருந்தால் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுப்பார்கள். ஆனால், ஒரே சோதனையில் முடிவு செய்ய மாட்டார்கள். 12 வாரம் கழித்து மறுபடியும் இரத்தம் எடுக்க வேண்டும்.

எனக்கு எல்லாமே சரியாக இருந்தது. சுமார் பாதிப் பேருக்கு இப்படிக் காரணமே தெரிவதில்லையாம். நல்ல செய்திதான், எனக்கோ கோபம் வந்தது. ஒரு காரணம் கிடைத்திருந்தால் திட்டுவதற்காவது ஒரு பெயர் இருந்திருக்கும். காரணம் தெரியாத தம்பதிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பிறகு குழந்தை பெறுகிறார்கள் என்றார் டாக்டர். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

நம் வேலைச் சட்டத்தில் 98 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு. ஆனால், 22 வாரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். அதற்குமுன் கலைந்தால் எம்சிதான். எனக்கு நாலு நாள் கிடைத்தது. சக ஊழியர்களிடம் காய்ச்சல் என்றேன். என் கணவரோ மறுநாளே வேலைக்குப் போனார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்று இரவு இரண்டு மணிக்கு அவர் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்ததை நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

சென்ற வாரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, அத்தை திடீரென்று சொன்னார்: "உன் புருஷனுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு போச்சும்மா. தோட்டத்துல அதையெல்லாம் யாருகிட்ட சொல்றது? ஆறாம் நாளு பெரட்டுக்குப் போயிட்டேன். உன் மாமாகிட்டகூட அழுததில்ல."

நாற்பது ஆண்டுகளாக அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை. கீரையைத் தள்ளிவைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, அடுத்து டாக்டரைப் பார்க்கப் போவது என்றைக்கு என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை என்றேன்.

"நானும் வரேன்" என்றார்.