சேஷாசல மலையிடுக்குகளில் நடைப்பயணம்: தடையா, பயிற்சியா?

திருப்பதியினின்று திருமலைக்குச் செல்லும் மலைப்பாதையில் நாள்தோறும் பல்லாயிரம் மக்கள் ஊர்திகளில் ஏறி இறங்குகின்றனர். அலிபிரிக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் அப்பால், சாலையோரத்துச் சரிவில், கீழே கருங்கல்லும் அதன்மேல் அடுக்கடுக்கான குவார்ட்சைட் பாறையும் அமைந்திருக்கக் காணலாம். இரண்டிற்கும் இடையே உள்ள எல்லைக் கோட்டைக் கையால் தொட்டுக் காட்டலாம். ஆயினும் அக்கோடு குறிக்கும் கால இடைவெளி ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகள் என்று பொதுவாக மதிப்பிடப்படுகிறது. புவியமைப்பியலார் இதனை எப்பார்க்கியன் இடைமுறிவு என்பர். இந்தியப் புவியமைப்பியல் ஆய்வுத்துறை இதனைத் தேசியப் புவியமைப்புச் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்துள்ளது. அவ்வழியே சுற்றுலாச் செல்லும் மாணவருள் எத்துணைப் பேர் இறங்கி நின்று இக்கோட்டைப் பார்த்துள்ளனர் என்று கேட்டால், விடை மனநிறைவு தருவதாக இராது.

இவ்வொரு கோட்டைப் புரிந்துகொண்டால் சேஷாசல மலைத்தொடரின் அமைப்பு முழுவதையும் புரிந்துகொள்ளலாம். பழமையான கருங்கல் தளம் நெடுங்காலம் வெயிலாலும் மழையாலும் தேய்ந்தது. பின்னர் அதன்மேல் நீரடியில் மணல் படிந்து இறுகி, காலப்போக்கில் மிகக் கடினமான குவார்ட்சைட்டாக மாறியது. குவார்ட்சைட் எளிதில் கரைவதன்று. ஆனால் அதில் செங்குத்தான வெடிப்புகள் உண்டு. மழைநீர் அவ்வெடிப்புகளின் வழியே இறங்கி, அவற்றை அகலப்படுத்திக்கொண்டே செல்கிறது. ஆகையால் இங்குள்ள ஓடைகள் பரந்த பள்ளத்தாக்குகளில் ஓடாமல், இருபுறமும் சுவர்போல் உயர்ந்த பாறைகளுக்கு நடுவே குறுகிய இடுக்குகளில் ஓடுகின்றன. இத்தகைய மலையிடைப் பள்ளத்தைத் தெலுங்கு மக்கள் ‘கோன’ என்பர். தலகோனா, கைலாசகோனா, சதாசிவகோனா என்னும் பெயர்கள் இதனை உணர்த்தும். தலகோனா அருவி ஏறத்தாழ 82 மீட்டர் உயரமுடையது. திருமலையில் சக்கர தீர்த்தத்தின் அருகே உள்ள சிலாதோரணம் என்னும் இயற்கை வளைவும் இதே பாறையில் அமைந்ததேயாகும்.

இவ்விடுக்குகளில் நடப்பதில் இளைஞர் கொண்டுள்ள ஆர்வம் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது. சென்னையினின்று சில மணி நேரத்தில் வந்தடையக்கூடிய நாகலாபுரம் மலைகளின் ஓடைகளும் குளங்களும் அவர்களை ஈர்க்கின்றன. இவ்வார்வம் வரவேற்கத்தக்கதே. ஆனால் இங்கு அழகைத் தோற்றுவித்த காரணங்களே ஆபத்தையும் தோற்றுவிக்கின்றன என்பதைப் பலர் அறியார். கடினப் பாறை மழைநீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். மேட்டுநிலத்தில் பெய்யும் நீர் முழுவதும் ஒரு குறுகிய வாயிலின் வழியே வெளியேற வேண்டியுள்ளது. எனவே தலைக்குமேல் வானம் தெளிவாக இருக்கும்போதே, தொலைவில் பெய்த மழையால் முழங்காலளவு நீர் சிறிது நேரத்தில் ஆளை மூழ்கடிக்கும் வெள்ளமாகலாம். வெடிப்புகளுக்கிடையே நிற்கும் பாறைத் துண்டுகளும் நீர் புகுந்தால் நிலைபெயரும். 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் ஸ்ரீவாரி மெட்டு நடைபாதை சேதமடைந்தது. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளில் பாறைகள் உருண்டு விழுந்ததால் திருமலையின் இரண்டாம் மலைச்சாலையும் பழுதுற்றது. வல்லுநர் கண்காணிப்பில் உள்ள சாலைக்கே இந்நிலை எனில், கண்காணிப்பற்ற இடுக்குகளின் நிலையைக் கூற வேண்டுவதில்லை.

விபத்து நேர்ந்தவுடன் எழும் முதற்குரல் ‘முற்றிலும் தடை செய்க’ என்பதே. அதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இம்மலைகளில் செம்மரம் வளர்கிறது. அதனைக் கடத்துவோரைத் தடுப்பதே வனத்துறைக்குப் பெரும்பணி. இம்மலைகளுக்கே உரிய பெட்டோமி சைக்கஸ் என்னும் பனைபோன்ற தாவரமும், ஈரமான பாறைப் பிளவுகளில் வாழும் பொன்னிறப் பல்லியும் மனிதர் நடமாட்டத்தால் எளிதில் துன்புறக்கூடியவை. ஆகவே காட்டின் உட்பகுதி மூடப்பட்டிருத்தலே முறை. ஆனால் எல்லா வழிகளையும் மூடிவிடுவதால் நடப்போர் நின்றுவிடுவதில்லை. வழிகாட்டியும் அனுமதியும் இன்றி மறைவாகச் செல்கின்றனர். இடர் நேர்ந்தால், அவர்கள் எங்குள்ளனர் என்பதே பிறர்க்குத் தெரியாது போகிறது.

இதற்கு மாற்று வழி உண்டு என்பதை அண்டை மாநிலத்தின் அனுபவம் காட்டுகிறது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட காட்டுத்தீயில் மலைநடைக்குச் சென்றிருந்தோருள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் தமிழ்நாடு அரசு விதிகளை வகுத்தது. 2024-இல் நாற்பது வழிகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன் அவற்றைத் திறந்துவிட்டது. திருமலையிலேயும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் சிறுமியொருத்தி சிறுத்தையால் உயிரிழந்தபோது பாதை நிரந்தரமாக மூடப்படவில்லை. சிறுவரை அழைத்துச் செல்லும் நேரம் வரையறுக்கப்பட்டது.

இன்னும் பழமையான முன்மாதிரி பஞ்சாங்கத்திலேயே உள்ளது. திருமலைக் காட்டினுள் அமைந்த இராமகிருஷ்ண தீர்த்தம், குமாரதாரை, தும்புரு தீர்த்தம் ஆகியவற்றின் முக்கோடி விழாக்கள் முறையே தை, மாசி, பங்குனிப் பௌர்ணமிகளில் நடைபெறுகின்றன. தும்புரு தீர்த்தத்திற்குச் செல்வோர் பாபவிநாசத்திற்கு அப்பால் காட்டு வழியே நடந்து, எதிரெதிர் நிற்கும் செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே நீரில் இறங்கிச் செல்ல வேண்டும். இம்மூன்று நாட்களும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின்னரும், கோடையின் கடுமை முற்றுவதற்கு முன்னரும் வருகின்றன என்பது கருதத்தக்கது. ஓடையில் வெள்ளம் தணிந்திருக்கும். ஆயினும் நீர் வற்றியிராது. இவ்வழக்கத்தின் தோற்றம் எதுவாயினும், அதில் அடங்கியுள்ள நெறி தெளிவானது: குறித்த பருவத்தில், குறித்த வழியில், கூட்டமாகச் செல்லுதல். அந்நெறியை விழா நாட்களோடு நிறுத்திவிடாமல் கல்விக்கும் விரிவாக்குவதே இன்றைய தேவை.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. காட்டின் விளிம்பில் உள்ள சில இடுக்குகளை மட்டும் வனத்துறை தேர்ந்தெடுத்து, சனவரி முதல் மார்ச்சு வரை சிறு குழுக்களுக்கு அனுமதி வழங்கலாம். மழை முன்னறிவிப்பு உள்ள நாளில் அனுமதி தாமாகவே நீங்க வேண்டும். இக்காடுகளைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த யானாதி மக்களுக்குப் பயிற்சியும் ஊதியமும் அளித்து வழிகாட்டிகளாக அமர்த்தலாம். நேர்மையான கண்கள் காட்டில் மிகுவது கடத்தலைத் தடுக்கவும் துணைசெய்யும்.

ஆசிரியர் செய்ய வேண்டுவது, நடையைப் பாடமாக்குதலே. திசைகாட்டியைக் கொண்டு பாறை வெடிப்புகளின் திசையையும் ஓடையின் திசையையும் மாணவர் குறித்து ஒப்பிடட்டும். ஓடை ஏன் திரும்புகிறது என்பது அவர்களுக்கே விளங்கும். பாறைச் சுவர்களின் பிளவுகளிலும் மரக்கிளைகளிலும் சென்ற வெள்ளம் விட்டுச்சென்ற சருகுகளும் குச்சிகளும் சிக்கியிருக்கும். தரையினின்று அவற்றின் உயரத்தை ஓர் அளவுநாடாவால் அளக்கச் செய்யலாம். தன் தலைக்குமேல் இரு மடங்கு உயரத்தில் சருகு சிக்கியிருப்பதைத் தானே அளந்து கண்ட மாணவன், மேகம் திரளும் நாளில் அவ்விடுக்கினுள் இறங்கமாட்டான். எந்த எச்சரிக்கைப் பலகையும் இத்துணைத் தெளிவாக அவனுக்கு உணர்த்த இயலாது. காட்டினுள் செல்ல அனுமதி கிடைக்காத பள்ளிகளுக்கும் அலிபிரிப் பாதையும் சிலாதோரணமும் எப்போதும் உள்ளன.

பாறையையும் நீரையும் அறியாமல் செல்வோர்க்கு இம்மலையிடுக்குகள் ஆபத்தானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றை அறிந்துகொள்ளவும் அவ்விடுக்குகளைவிடச் சிறந்த பள்ளி வேறில்லை. வாயிலில் பூட்டிடுவதைக் காட்டிலும், திறவுகோலைப் பயிற்சி பெற்றவர் கையில் ஒப்படைப்பதே உயிரையும் காட்டையும் ஒருங்கே காக்கும் வழியாகும்.